கூஜாத் தண்ணீர்

வியாழக்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்து எல்லாரும் எழுந்தார்கள். உபதேசியார் வேதமாணிக்கம் மட்டும் கட்டிலருகே நின்று, போர்வைக்கு மேலாக அருமைநாயகத்தின் காலைத் தொட்டுப் பார்த்தார்.

"இந்த வீட்டுக்கு வந்துட்டுப் போனா எனக்கே ஒரு வாரத்துக்குத் தெம்பா இருக்கு தம்பி. இப்படிப் படுத்த படுக்கையா இருந்தும் ஒரு முறுமுறுப்பு உண்டா? இதுல்லா விசுவாசம்."

அருமைநாயகம் தலையணையில் சாய்ந்தபடி சிரித்தான். காய்ச்சல் அவன் முகத்தை ஒடுக்கி, கண்களைப் பெரிதாக்கி, முன்பு இல்லாத ஓர் அழகைக் கொடுத்திருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்ப்பதற்காகவே எண்டாலியிலிருந்தும் பவானிபூரிலிருந்தும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் குடை பிடித்துக்கொண்டு பாலிகஞ்ச் வரை வருகிறார்கள் என்று ஞானப்பூவுக்குத் தோன்றும். அவளுக்கும் ஒரு காலத்தில் அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது. கல்யாணமாகி, திருநெல்வேலியிலிருந்து வங்காளம் வரை ரயிலேறி வந்ததே அதை நம்பித்தான். இப்போது அதைக் கண்டால் கையிலிருக்கும் தட்டைக் கீழே போடவேண்டும் போலிருந்தது.

டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த அவளைப் பார்த்து உபதேசியார் சொன்னார்: "நீயும் அவரைப் பார்த்துப் படிச்சுக்கணும்மா. முகத்துல ஒரு சமாதானம் வேணும்."

"சமாதானமா உக்காந்திருந்தா டம்ளரை யாரு கழுவுவா உபதேசியாரே?"

கூட்டத்தில் இரண்டொருவர் சிரித்தார்கள். அருமைநாயகம் சிரிக்கவில்லை. அவள் சார்பில் மன்னிப்புக் கேட்பதுபோல உபதேசியாரைப் பார்த்தான். அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மழை தொடங்கியபோது வந்த விஷக்காய்ச்சல் அது. கிளைவ் தெருவில் ஒரு கப்பல் ஏற்றுமதிக் கம்பெனியில் அவன் குமாஸ்தா. ஒருநாள் ஆபீஸிலிருந்து ரயிலில் வந்து பாலிகஞ்ச் ஸ்டேஷனில் இறங்கி, குளத்தைச் சுற்றி வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டான். அதன் பிறகு பிழைப்பானா மாட்டானா என்று பல வாரம் போயிற்று. பிழைத்தான். காய்ச்சல் போயிற்று. ஆனால் கால்கள் மட்டும் வரவில்லை.

"எலும்புக்கு ஒன்றுமில்லை, நரம்புக்கும் ஒன்றுமில்லை" என்று டாக்டர் பாபு அவர்கள் இருவரையும் வைத்துக்கொண்டே சொல்லியிருந்தார். "தினமும் நிற்கவேண்டும். வலிக்கும், விழுவார், பரவாயில்லை. நிற்காமல் விட்டால் பிறகு நான் வந்தும் பிரயோஜனம் இல்லை."

அருமைநாயகம் மரியாதையாகத் தலையாட்டினான். டாக்டர் போனபின், "கர்த்தர் பெலன் தரட்டும் பூவு. தந்த உடனே நிக்கேன்" என்றான்.

"எப்பத் தருவாரு?"

"அது நமக்குத் தெரியுமா? காத்திருக்கணும்."

காத்திருக்கணும். அந்தச் சொல்லை வீட்டுக்கு வந்த எல்லாரும் அவளிடம் விட்டுவிட்டுப் போனார்கள். கர்த்தர் பெலன் தருவார், காத்திரு. பெலத்தின்மேல் பெலன் உண்டு, பொறுத்திரு. பெலன் என்ற வார்த்தை காதில் விழுந்தாலே அவளுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது. அவனைப் புரட்டிப் படுக்கவைக்கவும், தூக்கி உட்காரவைக்கவும், மூத்திரச் சட்டியை எடுத்துக்கொண்டு மழையில் கொல்லைக்கு ஓடவும் வேண்டிய பெலனைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஆனால் அவளுடைய எரிச்சலுக்கு அது மட்டும் காரணமில்லை. அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாத காரணம் ஒன்று இருந்தது.

காய்ச்சல் விட்ட பிறகு நடந்த முதல் ஜெபக்கூட்டத்தில் உபதேசியார் உருக்கமாக ஜெபித்தார். ஜெபித்த வேகத்தில் எழுந்து, "கர்த்தருடைய நாமத்தினாலே எழுந்திரும் தம்பி" என்று கையை நீட்டினார். அறை நிறைய ஆட்கள். அருமைநாயகம் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். கண் இமைக்கும் நேரம் நின்றான். பிறகு முழங்கால் இரண்டும் மடங்கி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

எல்லாரும் அவன் தோளைப் பிடித்துத் தூக்க வந்தார்கள். பக்கத்தில் நின்ற ஞானப்பூ மட்டும் அவன் வேட்டி முன்புறம் நனைந்து பரவுவதைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். நிமிர்ந்த அவன் கண்களில் இருந்த பயத்தை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை, மரண வாசலில் கிடந்த நாட்களில்கூட.

அவள் யோசிக்கவில்லை. முழங்கை தானாகப் போய் ஸ்டூலில் இருந்த கூஜாவை இடித்தது. மூடி ஒரு பக்கம் ஓட, தண்ணீர் முழுவதும் அவன் மடியிலும் தரையிலும் கொட்டியது. "தண்ணி, தண்ணி" என்று எல்லாரும் விலகினார்கள். "கொஞ்சம் வெளிய இருங்க, வேட்டி மாத்தணும்" என்று அவள் கதவைச் சாத்தினாள். வேட்டியை மாற்றும்போது அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். இருவரும் அதைப்பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

சில நாள் கழித்து, அவள் கஞ்சி கொடுத்துக்கொண்டிருக்கும்போது அவனே ஆரம்பித்தான்.

"பூவு, அன்னைக்கு அந்தக் கூஜா யாரும் தொடாமத் தானா சரிஞ்சுதே, கவனிச்சியா?"

அவள் கரண்டி நின்றது.

"தற்செயல்னு நினைச்சிராத. கர்த்தர் என்னை மூடிக் காப்பாத்தினாரு. உன் வேளை இன்னும் வரலைன்னு அடையாளம் காட்டினாரு. மனுஷர் சொன்னாங்கன்னு அவசரப்பட்டு எழுந்திருச்சது என் தப்பு."

எதை மூடினார் என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. 'நான்தான் தட்டினேன்' என்று சொன்னால், 'நான் பார்த்தேன்' என்றும் சொன்னதாகிவிடும். ஆசையாய்ச் செய்த ஒரு காரியம் சங்கிலியாகி அவனைக் கட்டிலோடு கட்டிப்போட்டிருந்தது. அவன் அந்தக் கூஜாக் கதையை வருகிறவர்களிடமெல்லாம் சாட்சியாகச் சொன்னான். அவர்கள் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அவள் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

வங்காளத்து நவராத்திரியான பூஜா நெருங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் இருந்த மஹாதேவன் அதே கம்பெனியில் பெரிய அக்கௌண்டண்ட். அருமைநாயகத்துக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். ஒருநாள் காலை அவர் மனைவி நாகலக்ஷ்மி சுவருக்கு மேலாகக் கூப்பிட்டாள்.

"ஞானம், எங்காத்துக்காரர் சொல்லச் சொன்னார். பூஜா லீவு முடிஞ்சு ஆபீஸ் திறக்கற அன்னிக்கு உங்காத்துக்காரர் வந்தாகணுமாம். அதுக்கு மேல துரைகிட்ட இவரால சொல்ல முடியாதாம். யாரோ ஒரு போஸ் பாபு அந்த நாற்காலிக்குக் காத்துண்டிருக்கானாம்."

"இன்னும் நிக்கவே இல்லையே மாமி."

"உங்க ஸ்வாமி கொஞ்சம் நிதானம் போலிருக்கு. எங்க பிள்ளையாரா இருந்தா இதுக்குள்ள நூத்தெட்டுத் தேங்காயை வாங்கிண்டு ஏதாவது ஒரு வழி பண்ணிருப்பார்."

"தேங்காயையும் வாங்கிக்கிட்டுச் சும்மா இருந்துட்டா?"

"சண்டை போடுவேன். என் தேங்காயைத் திருப்பிக் குடுன்னு கேப்பேன். நீங்கள்ளாம் உங்க ஸ்வாமியோட சண்டை போடுவேளோ?"

"எங்க வீட்டுல அது வழக்கமில்ல மாமி."

"அதான் காரியம் தேங்கிப் போயிருக்கு" என்று சொல்லிவிட்டு நாகலக்ஷ்மி உள்ளே போனாள்.

வேலை போனால் ஊரில் அவன் அண்ணன் வீடு இருந்தது. நல்ல மனிதர், சோறு போடுவார். ஞானப்பூ பயந்தது பசிக்கு இல்லை. அந்த வீட்டில் படுக்க இடம் கிடைக்கும், எழுந்திருக்கக் காரணம் கிடைக்காது. அவன் ஆயுசு முழுவதும் சிரித்துக்கொண்டே படுத்திருப்பான். ஊர் முழுவதும் வந்து பார்த்துவிட்டுப் போகும்.

அன்று மாலை பிஸ்வாஸ் மாஷிமா வந்தாள். கிரிபாலா பிஸ்வாஸ் வங்காளக் கிறிஸ்தவ விதவை; எல்லாருக்கும் மாஷிமா, அதாவது சித்தி. மிஷன் சார்பில் வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு எழுத்தும் ஜெபமும் சொல்லிக்கொடுப்பவள். கறுப்புக் குடையும் வாய் நிறைய வெற்றிலையுமாக வருவாள். ஞானப்பூவுக்குத் தெரிந்தது கரியாஹாட் சந்தையில் மீனும் காய்கறியும் வாங்கிப் பழகிய வங்காளம். அதனால் அவர்கள் பேச்சில் பாதி வங்காளம், பாதி இந்தி, மீதி கைஜாடை. இருந்தும் இந்த ஊரில் அவளிடம் 'நீ சாப்பிட்டாயா' என்று கேட்கிற ஒரே ஆள் மாஷிமாதான்.

புறப்படும்போது மாஷிமா வாசலில் நின்றாள். ஞானப்பூவின் கையைத் தன் கைக்குள் பிடித்துக்கொண்டு, திறந்த கதவு வழியே கட்டிலைப் பார்த்தாள். தணிந்த குரலில் என்னவோ தொடங்கினாள். அந்த நேரம் பார்த்து ஸ்டேஷனில் ரயில் ஊதியது. முன்பாதி ஊதலில் போய்விட்டது. பின்பாதி மட்டும் காதில் விழுந்தது.

"ஒக்கே பொலே தாவ்."

அவனிடம் சொல்லிவிடு.

மாஷிமா கையை அழுத்திவிட்டுப் போய்விட்டாள். ஞானப்பூ வாசலிலேயே நின்றாள். சந்தையில் தினமும் கேட்கிற பேச்சுத்தான் அது. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அப்படியானால் மாஷிமாவுக்குத் தெரியும். கூஜா கொட்டிய அன்று கட்டிலுக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்தவள் அவள். பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு இத்தனை நாளும் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, இன்றைக்குச் சொல்கிறாள், சொல்லிவிடு என்று.

அவள் கஞ்சியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கிண்ணத்தை ஸ்டூலில் வைத்தாள்.

"ஒரு காரியம் சொல்லணும்."

"சொல்லு."

"அன்னைக்குக் கூஜா தானா சரியல. நான்தான் முழங்கையால இடிச்சேன்."

"எதுக்கு?" என்றான் அவன். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்ட முகம்.

"உங்க வேட்டி நனைஞ்சதைப் பார்த்தேன். வேற யாரும் பார்த்திரக் கூடாதேன்னு இடிச்சேன். அடையாளமும் இல்ல ஒண்ணும் இல்ல. அதை வச்சுக்கிட்டு நீங்க இப்படிக் கிடக்கீய. நான் செஞ்சதாலே கிடக்கீய. என்னால பொறுக்க ஏலல."

"கஞ்சியை வச்சிட்டுப் போ."

வைத்தாகிவிட்டது, போயிருக்கலாம். ஆனால் தொடங்கிய வாய் நிற்கவில்லை.

"நீங்க காத்துக்கிட்டு இல்ல. பயந்துக்கிட்டு இருக்கீய. பயம்னு சொன்னா நானும் கூடச் சேர்ந்து பயந்திருப்பேன். பெலன் வந்தபிறகு எழுந்திருக்கேன்னு சொல்லுதீய. காலையில நான் எழுந்திருக்கிறப்ப எனக்கு என்ன பெலன் இருக்குன்னு நினைக்கீய? ஒண்ணும் இருக்காது. அடுப்பை மூட்டி முடிச்சபிறகுதான், ஓ, குடுத்திருக்காருன்னு தெரியுது."

"ஏட்டி, போன்னு சொன்னேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளைக் கோபத்தில் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவள் வெளியே வந்தாள். கஞ்சி ஆறி ஆடை கட்டியது.

அதன் பிறகு அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். ஆமாம், இல்லை என்பதற்கு மேல் பேச்சில்லை. சாயங்காலந்தோறும் கட்டிலில் கிடந்தபடி அவன் பாடிவந்த கீர்த்தனையும் நின்றது. பாட்டு இருந்தபோது, இப்படிப் பாட நேரமிருக்கிறதே என்று அவளுக்கு எரிச்சல் வந்ததுண்டு. அது நின்றபிறகு அடுக்களை வேலையை விட்டுவிட்டு அந்தப் பக்கமே காதைக் கொடுத்து நின்றாள். அவனைக் கட்டிலிலிருந்து கிளப்பப் பார்த்து, அவனிடம் மிச்சமிருந்த ஒன்றையும் பிடுங்கிவிட்டாள்.

மூன்றாம் நாள் மாஷிமாவின் வீட்டுக்கே போனாள். மாஷிமா முற்றத்தில் கடுகு காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் சொன்னபடி அவரிடம் சொல்லிவிட்டேன். இப்போது வீடு வீடாக இல்லை" என்றாள் ஞானப்பூ, தனக்குத் தெரிந்த வங்காளத்தில்.

"நான் என்ன சொன்னேன்?"

"அன்றைக்கு வாசலில். 'ஒக்கே பொலே தாவ்' என்றீர்களே."

மாஷிமா கடுகை விட்டுவிட்டு யோசித்தாள். பிறகு அவள் தோள்கள் குலுங்கத் தொடங்கின. வெற்றிலைச் சாறு புடவையில் சிந்தும் அளவுக்குச் சிரித்தாள்.

"பொலே இல்லை அம்மா, பொல். பொல்." கையை மடக்கிப் புஜத்தைக் காட்டினாள். "சக்தி. உன்னிடமா பேசினேன்? ப்ரபுவிடம், ஆண்டவரிடம் பேசினேன். அவனுக்குப் பொல் கொடு என்று கேட்டேன்."

பொல். பெலன். இத்தனை மாதமாகக் காது புளிக்கக் கேட்ட அதே வார்த்தை, வங்காள வேஷத்தில் வந்தபோது அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. ஞானப்பூவுக்கு முகம் சுட்டது. மீன்காரனிடம் விலை கேட்கிற வங்காளத்தை நம்பிக் குடும்பத்தைக் குலைத்துவிட்டாள்.

மாஷிமா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்படி என்னதான் சொன்னாய் அவனிடம்?"

"சொல்லக்கூடாததை."

"பொய்யா?"

"இல்லை."

"அப்புறம் என்ன? உனக்குத் தப்பாகக் கேட்டிருக்கலாம். ஆண்டவருக்குச் சரியாகத்தான் கேட்டிருக்கும். எனக்கு முன்பே வங்காளம் படித்தவர் அவர்." ஒரு வெற்றிலையை மடித்து நீட்டினாள். ஞானப்பூ வாங்கிக்கொள்ளவில்லை.

திரும்பும் வழியில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. நீளமான சரக்கு வண்டி ஒன்று ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நின்ற மாட்டுவண்டிக்காரனுக்குக்கூட அவள் பேசுவது கேட்டிருக்காது.

"ஆண்டவரே, உம்மோட சண்டை போடுறது எங்க வீட்டுல வழக்கமில்ல. இன்னைக்குப் போடுதேன். பெலன் தாரும்னு கேட்டா எனக்குக் கோவத்தைத் தாரீரு. அவருக்கு இருந்த ஒரு அடையாளத்தையும் என் கையாலே பிடுங்க வச்சிட்டீரு. இனி அவரு எதைப் பிடிச்சுக்கிட்டு எழுந்திருப்பாரு? எனக்கு ஒண்ணும் தெரியல. எனக்கு ஏலாது. நீரே பார்த்துக்கிடும்."

வானத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. வண்டி போயிற்று, கேட் திறந்தது. இரவுக்கு உளுந்து ஊறப்போடவேண்டும் என்ற நினைவோடு நடந்தாள்.

அடுத்த வியாழக்கிழமை கூட்டத்துக்கு வழக்கம்போல எல்லாரும் வந்தார்கள். மாஷிமாவும் வந்து கதவருகே உட்கார்ந்தாள். உபதேசியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தொடங்கினார்: "இந்த விசுவாச வீரனை முன்னிட்டு..."

"உபதேசியாரே" என்றான் அருமைநாயகம். "முதல்ல நான் ஒரு சாட்சி சொல்லணும்."

"தாராளமா. கூஜா சாட்சிதானே? இங்கே புதுசா ரெண்டு பேரு வந்திருக்காங்க, அவங்களும் கேக்கட்டும்."

"கூஜா சாட்சிதான்."

அடுக்களை வாசலில் நின்ற ஞானப்பூ கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் விசுவாசத்துல படுத்திருக்கேன்னு நினைக்கீய. நான் பயந்து படுத்திருக்கேன். அன்னைக்கு உங்க முன்னால விழுந்தேன்லா, அப்ப இருந்த இடத்திலேயே நனைச்சுட்டேன். அதை யாரும் பார்க்கக் கூடாதுன்னு என் வீட்டுக்காரி கூஜாவை இடிச்சுத் தள்ளிட்டா. அது எனக்குத் தெரியாது. கர்த்தர் தள்ளினாருன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தேன்."

யாரோ இருமினார்கள். உபதேசியார் உத்தரத்தைப் பார்த்தார். சாட்சி முடிந்தால் எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்வது வழக்கம். இதற்கு எதைச் சொல்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தமிழ் ஒரு வார்த்தைகூடப் புரியாத மாஷிமா மட்டும், பேச்சு நின்றதைக் கவனித்து, "ஆமென்" என்று உரக்கச் சொன்னாள்.

அருமைநாயகம் அவளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத் தொடர்ந்தான். "நாலு நாளா யோசிச்சேன். மூடினது அவருதான், அதுல மாத்தமில்ல. ஆனா இவ கையால மூடினாரு. அதைப் 'படுத்துக் கிட'ன்னு நான் தப்பா அர்த்தம் பண்ணிட்டேன். கையைக் குடுத்தவரு தோளையும் குடுத்திருப்பாருல்லா? ஏட்டி, இங்க வா."

"இத்தனை பேரு முன்னாலயா?"

"இத்தனை பேரு முன்னாலதானே விழுந்தேன்."

அவள் போனாள். கட்டிலோரம் குனிந்து அவன் கையைத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள். உபதேசியார் கையை உயர்த்தி வாயைத் திறந்தார்.

"நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க உபதேசியாரே" என்றாள் ஞானப்பூ.

அவன் எழுந்தான். பாரம் முழுவதும் அவள் தோளில் இறங்கியது. அவன் கால்கள் நடுங்கிய நடுக்கம் அவள் இடுப்பு வரை வந்தது. விரல்கள் அவள் கழுத்தெலும்பில் பதிந்தன. "ஆண்டவரே, ஆண்டவரே" என்று அவன் பல்லுக்குள் சொன்னது அவளுக்கு மட்டும் கேட்டது. யாரோ ஒருவர் பாட ஆரம்பித்து, ஒரு சரணம் முடிவதற்குள் அவன் உட்கார்ந்துவிட்டான். அவ்வளவுதான். வியர்த்துக் கொட்டியது. முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு இல்லை. வலியில் கோணிய சாதாரண முகம் இருந்தது. அவளுக்கு அந்த முகத்தைத் துடைத்துவிடத் தோன்றியது, ஆட்கள் இருந்ததால் துண்டை மட்டும் கொடுத்தாள்.

அதன் பிறகு வந்த நாட்களை யாரும் சமாதானமான நாட்கள் என்று சொல்லமுடியாது.

"இடது பக்கம் நில்லுன்னு சொன்னேன்லா."

"இது இடதுதான்."

"உனக்கு இடது. எனக்கு வலது."

"அப்ப நீங்க திரும்பி நில்லுங்க."

"திரும்ப முடிஞ்சா நான் ஏன் உன்னைக் கூப்பிடுதேன்?"

நாகலக்ஷ்மி சுவருக்கு மேலாகத் தலையை நீட்டினாள். "நேத்திக்கு ஜன்னல் வரைக்கும் போனார் போலிருக்கே. சத்தம் கேட்டுது. நடந்த சத்தமா, நீங்க ரெண்டு பேரும் கத்தின சத்தமா?"

"ரெண்டும்தான் மாமி."

"பேஷ். கத்தறதுக்குத் தெம்பு வந்துடுத்தே."

ஒருநாள் முன்னேறுவான், மறுநாள் நிற்கவே முடியாது. பூஜா மேளம் தெருவெல்லாம் முழங்கியபோது அவன் அறைக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். சிலைகளைக் கரைத்த விசர்ஜனத்துக்கு மறுநாள் திரும்பவும் விழுந்தான். இந்த முறை பார்க்க யாருமில்லை. தரையில் உட்கார்ந்தபடியே அழுதான். ஞானப்பூ தூக்கப் போகவில்லை. அவளுக்கும் அன்று தெம்பில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தாள்.

"இனி ஏலாது பூவு."

"எனக்கும்தான்."

"நான் பெலன் கேக்காத நேரமில்ல."

"தெரியும். எனக்காகவும் கேளுங்க. எனக்காக ஒரு தரம் கேட்டமாதிரியே தெரியலையே."

அவன் திரும்பிப் பார்த்தான். அப்படி ஒன்றை அவன் செய்ததே இல்லை என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. அவள் தலையில் கைவைத்து ஜெபிக்கத் தொடங்கினான். இரண்டு வார்த்தைக்கு மேல் வரவில்லை. கை மட்டும் தலையிலேயே இருந்தது. பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு எழுந்தார்கள், அவனா அவளை எழுப்பினான், அவளா அவனை எழுப்பினாள் என்று சொல்லமுடியாதபடி.

ஆபீஸ் திறக்கும் நாள் வந்தது. ரயிலில் ஏறி இறங்க அவனால் முடியாது. வாடகைக் குதிரை வண்டி பேசினார்கள். ஞானப்பூவும் கூட வந்தாள். கிளைவ் தெருவில் பெண்கள் நடமாட்டமே இல்லை. வண்டிக் கதவின் பலகை இடுக்கு வழியாகப் பார்த்தாள். கம்பெனி மாடியில் இருந்தது. தெரு வாசலிலிருந்தே மரப்படிகள் செங்குத்தாக ஏறி, பாதியில் ஒரு திருப்பத்தில் மறைந்தன.

"நீ உள்ள வரக்கூடாது" என்றான் அருமைநாயகம்.

"தெரியும்."

"மேல போய் நாற்காலியில பையை வச்சிட்டு, அந்த ஜன்னல்ல வந்து கை காட்டுதேன். பார்த்துட்டுப் போ."

இறங்கினான். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டான். கைப்பிடியை ஒரு கையாலும் சுவரை ஒரு கையாலும் பிடித்து முதல் படியில் கால் வைத்தான். வண்டிக்குள் அவளுடைய இடது தோள் தானாக உயர்ந்தது. அடுத்த படி. நின்றான். ஒரு வங்காளப் பையன் காகிதக் கட்டோடு அவனைத் தாண்டி ஓடினான். அடுத்த படி. திரும்பவும் நின்றான், முதுகு குனிந்தது. அவள் கதவைத் திறக்கக் கை வைத்துவிட்டாள். இறங்கி ஓடினால் பிடித்துவிடலாம். பிடித்தால் கம்பெனி முழுவதும் பார்க்கும். நாற்காலி போஸ் பாபுவுக்குப் போகும்.

கையை எடுத்துக்கொண்டாள். அதைப்போலக் கஷ்டமான ஒன்றை அவள் இந்த மாதங்களில் செய்ததில்லை. இத்தனை நாளும் கர்த்தருக்குக் கையாக இருந்தது இவள் கை, தோளாக இருந்தது இவள் தோள். அந்த மாடிப்படியில் இவளுக்கு இடமில்லை. அங்கே அவருக்கு வேறு கை உண்டா, வெறும் சுவர்தானா, அது இவளுக்குத் தெரியாது. தெரியாமலே விட்டுவிடவேண்டியிருந்தது. "நல்லாப் பிடிச்சுக்கிடும் ஆண்டவரே" என்று சற்றுக் கண்டிப்பாகவே சொன்னாள்.

அருமைநாயகம் நிமிர்ந்தான். ஏறினான். திருப்பத்தில் கோட்டின் நுனி தெரிந்து, பிறகு அதுவும் மறைந்தது.

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே யாரோ அவன் பெயரை வங்காளமாக்கி உரக்க, "ஆரே, நாயோக் பாபு" என்றார்கள். பல குரல்கள் சேர்ந்து எழுந்தன. நாற்காலிகள் இழுபடும் ஓசை கேட்டது. அதில் அவன் குரல் இருந்ததா என்று அவளால் பிரித்தெடுக்க முடியவில்லை. ஜன்னலில் ஒரு புறா உட்கார்ந்திருந்தது. வேறு யாரும் வரவில்லை.

"போகலாமா, மா?" என்றான் வண்டிக்காரன்.

"இரு."

கொஞ்ச நேரம் கழித்து அவன் மறுபடி கேட்டான். பின்னால் வேறு வண்டிகள் வந்து நின்று சத்தம் போடத் தொடங்கியிருந்தன.

ஜன்னல் காலியாகவே இருந்தது. யாரோ வேலை கொடுத்திருப்பார்கள். அல்லது மஹாதேவன் அழைத்துப் பேசிக்கொண்டிருப்பார். அல்லது உட்கார்ந்த சுகத்தில் இவளை மறந்தே போயிருப்பார். போன வருஷம் அவள் பிறந்தநாளை மறந்தவர், ஆபீஸ் குடையை எத்தனையோ முறை ரயிலில் மறந்தவர். மறக்கிற மனிதர்தான்.

"சாயங்காலம் வரட்டும், கேக்குதேன்" என்று ஞானப்பூ தனக்குள் சொல்லிக்கொண்டு, வண்டியைத் திருப்பச் சொன்னாள்.